ரோண்டா: மூர்களின் மலையூரை அதன் தெற்கு வாசல் வழியே பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

தெற்கு ஸ்பெயினின் மாலகா மாகாணத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 740 மீட்டர் உயரத்தில், ஒரு பாறை மேட்டின் விளிம்பில் இருக்கிறது ரோண்டா. குவாதலெவின் ஆறு அந்தப் பாறையை அறுத்து ஊரை இரண்டாகப் பிரித்திருக்கிறது. பிளவுக்குத் தாஹோ என்று பெயர். அதன் மேல் 98 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கும் 'புதிய பாலம்' (புவெந்தே நுவேவோ) ஸ்பெயின் சுற்றுலாப் படங்களில் அடிக்கடி வருவது.

கடற்கரை நகரங்களிலிருந்து பேருந்துகளில் வரும் கூட்டம் நேராக அந்தப் பாலத்துக்குப் போகிறது. படம் எடுத்து, மதிய உணவு முடித்து, மாலைக்குள் திரும்பிவிடுகிறது. ஆனால் பாலம் கட்டி முடிந்தது 1793இல். ஊர் முஸ்லிம் ஆட்சியிலிருந்து கைமாறியது 1485இல். இடையில் மூன்று நூற்றாண்டுகள். பாலத்தில் தொடங்கிப் பாலத்திலேயே முடித்தால், ஏழரை நூற்றாண்டுக்கு மேல் இங்கே வாழ்ந்தவர்களின் ஊரைப் பார்க்காமலே திரும்புவீர்கள்.

அதனால் என் யோசனை இதுதான்: அன்றைய பயணி எந்த வாசலில் நுழைந்தானோ அதே தெற்கு வாசலில் நுழையுங்கள். ஊருக்குத் தண்ணீர் எப்படி வந்தது என்ற கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு நடங்கள். பாலத்தைக் கடைசிக்கு வையுங்கள்.

கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு

711இல் வட ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த படையில் பெரும்பாலோர் பெர்பர் மக்கள். தளபதிகளில் சிலரும், பின்னால் வந்தவர்களில் பலரும் அரபியர். ஐரோப்பியர் இவர்கள் எல்லோரையும் சேர்த்து மூர்கள் என்றார்கள். அவர்கள் ஆண்ட நிலம் அல்-அந்தலுஸ். ரோண்டாவைச் சுற்றியுள்ள மலைகளில் பெர்பர் குடிகள் நிறைய குடியேறின. இந்தப் பகுதி 'தாகுருன்னா' என்ற தனி மாவட்டமாக இருந்தது. இறக்கை கட்டிப் பறந்து பார்த்தவர் என்று நூல்கள் சொல்லும் 9ஆம் நூற்றாண்டு அறிஞர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் இந்த வட்டாரத்துக்காரர்.

கோர்தோபா கலீபகம் 11ஆம் நூற்றாண்டில் உடைந்து சிதறியபோது ரோண்டா கொஞ்ச காலம் பெர்பர் குடும்பம் ஒன்றின் கீழ் தனியரசாக இருந்தது. பிறகு செவில்லா அதை விழுங்கிக்கொண்டது. 13ஆம் நூற்றாண்டில் கோர்தோபாவும் செவில்லாவும் கிறிஸ்தவ அரசர்கள் கைக்குப் போயின. ரோண்டா, கிரனாடாவை ஆண்ட நஸ்ரித் என்ற முஸ்லிம் அரச மரபின் மேற்கு எல்லைக் கோட்டையானது. 14ஆம் நூற்றாண்டில் சில காலம் மொரோக்கோவின் மரினித் அரசர்களும் இதை வைத்திருந்தார்கள். இன்று நீங்கள் பார்க்கப்போகும் இஸ்லாமிய எச்சங்களில் பெரும்பாலானவை இந்த எல்லைக் காலத்தைச் சேர்ந்தவை. ஊர் எப்போதும் முற்றுகையை எதிர்பார்த்தே வாழ்ந்தது. அதை நினைவில் வைத்தால் மதிலும் சுரங்கமும் ஏன் இவ்வளவு கனமாகக் கட்டப்பட்டன என்பது தானே விளங்கும்.

எப்போது, எப்படிப் போவது

ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை நல்ல காலம், அக்டோபரும் நல்லது. ஜூலை, ஆகஸ்டில் மதிய வெயில் கடுமையானது, மேடு பள்ளம் ஏறி இறங்கும் ஊர் இது. குளிர்காலத்தில் கூட்டம் இருக்காது, ஆனால் மலைக்குளிர் எலும்பைத் தொடும். கனமான மேலாடை வேண்டும். செப்டம்பர் தொடக்கத்தில் காளைச்சண்டை வீரர் பெத்ரோ ரொமேரோ பெயரில் நடக்கும் திருவிழாவின்போது அறை கிடைப்பது கடினம், விலையும் ஏறிவிடும். மூர்களின் ஊரைப் பார்க்க வருகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம்.

இந்தியா, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பக்கத்தில்தான் ஜிப்ரால்டர் இருக்கிறதே என்று திட்டத்தில் சேர்க்க நினைத்தால், அது பிரிட்டனின் ஆட்சிப்பகுதி. அதன் நுழைவு விதியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வசதியான விமான நிலையம் மாலகா. அங்கிருந்தும் செவில்லாவிலிருந்தும் ரோண்டாவுக்குப் பேருந்து உண்டு, ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஆனால் முடிந்தால் அல்ஹெசிராஸிலிருந்து ரயிலில் வாருங்கள். அந்தத் துறைமுகத்தையும் உள்நாட்டையும் இணைக்க 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்று போட்ட பாதை அது. ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக மெல்ல மலையேறும். கடலுக்கும் இந்த மேட்டுக்கும் நடுவில் எவ்வளவு கரடுமுரடான நிலம் கிடக்கிறது, எல்லைக் கோட்டை ஏன் இங்கே அமைந்தது என்பதை அந்தச் சன்னலோரம் சொல்லிக் கொடுத்துவிடும். காரில் வருபவர்கள் சான் பெத்ரோ தெ அல்காந்தராவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலையில் வரலாம். வயிறு புரட்டும் பழக்கம் உள்ளவர்கள் முன்னெச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

ஓர் இரவாவது தங்குங்கள். பேருந்துக் கூட்டம் காலை பத்தரை, பதினொன்று வாக்கில் வந்து மாலை ஐந்துக்குள் போய்விடும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள நேரம் தங்குபவர்களுக்கு மட்டுமே கிடைப்பது. ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் கடைத்தெருக்களும் பாலத்துக்கு வடக்கே, புதுப்பகுதியான மெர்காதிய்யோவில் உள்ளன. பழைய ஊரின் பெயர் லா சியுதாத். அது பாலத்துக்குத் தெற்கே. பெட்டி உருட்டிக்கொண்டு வருபவர்களுக்குக் கல் பாவிய பழைய தெருக்கள் பெரும் தொல்லை. அப்படி வருபவர்கள் வடக்கே அறை எடுப்பது நல்லது.

முதல் படி: தெற்கு வாசலில் நுழைதல்

காலை ஒன்பது மணிக்குள் ஊரின் தெற்குக் கோடியிலுள்ள சான் ஃபிரான்சிஸ்கோ பகுதிக்குப் போய்விடுங்கள். பாலத்திலிருந்து பழைய ஊரின் முதுகெலும்பான அர்மிஞான் தெருவில் பதினைந்து நிமிடம் இறங்கினால் போதும். வழியில் எதையும் பார்க்க நிற்காதீர்கள். கீழே ருவேதோ அலமேதா என்ற மரநிழல் சதுக்கம். அங்கே ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்பி மேலே பாருங்கள்.

எதிரே நிற்பது அல்மோகாபர் வாசல், 13ஆம் நூற்றாண்டுக் கட்டடம். மதிலுக்கு வெளியே அப்போது இடுகாடு இருந்தது. அதற்கான அரபுச் சொல்லே வாசலின் பெயரானது. மற்ற பக்கங்களில் பாறைச் சரிவும் ஆறும் காவல் இருக்க, இந்தத் தெற்குப் பக்கம்தான் எதிரி எளிதாக ஏறி வரக்கூடிய ஒரே சரிவு. அதனால்தான் இங்கே மதில் இவ்வளவு தடிமன். இரு பக்கமும் அரைவட்டக் கோபுரங்கள், நடுவில் ஒன்றன்பின் ஒன்றாக வளைவுகள். ஒரு வளைவைத் தாண்டியவன் அடுத்ததற்கு முன் சிக்கிக்கொள்வான். பக்கத்திலேயே 16ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஐந்தாம் கார்லோஸ் பெயரில் எழுந்த அலங்கார வாசல் இருக்கிறது. இரண்டையும் ஒருசேரப் பாருங்கள். முதலாவது தாக்குதலுக்கு அஞ்சிக் கட்டியது. இரண்டாவது வெற்றியைக் காட்டக் கட்டியது.

வாசலைத் தாண்டியதும் கோட்டை போலத் தெரியும் எஸ்பிரிதூ சாந்தோ தேவாலயம், 1485இல் ஊரைப் பிடித்த கிறிஸ்தவ மன்னர் ஃபெர்டினாந்து எழுப்பச் சொன்னது. அரண்மனைக் கோட்டையும் இந்தத் தெற்கு முனையில்தான் நின்றது. 1812இல் நெப்போலியனின் படை பின்வாங்கும்போது வெடிவைத்துத் தகர்த்துவிட்டது. அதைத் தேடி நேரம் செலவழிக்க வேண்டாம்.

இரண்டாம் படி: பள்ளிவாசல் இருந்த சதுக்கம்

அர்மிஞான் தெருவில் மேலேறி இடப்பக்கம் திரும்பினால் துகேசா தெ பார்சென்ட் சதுக்கம். சாந்தா மரியா லா மயோர் தேவாலயம் நிற்கும் இடத்தில்தான் ஊரின் பெரிய பள்ளிவாசல் இருந்தது. 1485க்குப் பின் தொடங்கிய கட்டுமானம் ஏறத்தாழ இரு நூற்றாண்டு இழுத்தது. 1580 நிலநடுக்கத்தில் ஒரு பகுதி இடிந்தது. அதனால் உள்ளே ஒரு பாதி கோதிக், மறுபாதி மறுமலர்ச்சிக் காலப் பாணி.

நீங்கள் தேட வேண்டியது நுழைவறையிலேயே இருக்கிறது. மெக்கா திசையைக் காட்டும் மிஹ்ராப் மாடத்தின் வளைவு, சுண்ணச் சாந்தில் செதுக்கிய கொடி வேலைப்பாட்டோடு சுவரில் நிற்கிறது. சிறிய துண்டுதான், கூட்டம் பெரும்பாலும் பார்க்காமல் கடந்துவிடும். அதன் முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள். வேலைப்பாடு கிரனாடாவின் அல்ஹம்பிரா அரண்மனைச் சுவர்களோடு ஒட்டி உறவாடுவது தெரியும்.

மேற்கே சில நிமிட நடையில் மொந்திராகோன் அரண்மனை. மரினித் இளவரசர் அபூ மாலிக் கட்டியதாக ஊரில் சொல்வார்கள். இன்றுள்ள முற்றங்களில் பெரும்பகுதி கைமாறிய பிறகு, முஸ்லிம் கைவினை மரபில் வந்த முதேஹார் பாணியில் செய்தது. உள்ளே நகர அருங்காட்சியகம் இருக்கிறது. அதை வேகமாகப் பார்த்துவிட்டு, நீர்த்தொட்டி உள்ள சிறு தோட்டத்தில் உட்காருங்கள். எதிரே பாறை விளிம்பு, அதற்கப்பால் மலைத்தொடர். சுவருக்குள் நிழலும் நீரும், வெளியே வெட்டவெளி.

மூன்றாம் படி: கவிஞர் பெயர் தாங்கிய சதுக்கம்

மீண்டும் அர்மிஞான் தெருவுக்கு வந்தால் ஒரு குட்டைக் கோபுரம் தனியாக நிற்கும். சான் செபாஸ்தியான் மினார் என்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டில் ஒரு சிறு பள்ளிவாசலின் பாங்கு மேடை. அடியில் கல், நடுவில் நஸ்ரித் காலச் செங்கல், உச்சியில் தேவாலய மணி தொங்கப் பின்னால் சேர்த்த அடுக்கு. பள்ளிவாசலும் போயிற்று, அதை மாற்றி அமைத்த தேவாலயமும் போயிற்று. இது மட்டும் மிஞ்சியது.

சதுக்கத்தின் பெயர் கவிஞர் அபூ அல்-பகா அல்-ருந்தியுடையது. 1204இல் இந்த ஊரில் பிறந்தவர். கோர்தோபாவும் வலென்சியாவும் செவில்லாவும் ஒவ்வொன்றாக விழுவதை வாழ்நாளிலேயே பார்த்து, அல்-அந்தலுஸுக்காக அவர் பாடிய இரங்கற்பா அரபு உலகில் இன்றும் ஓதப்படுகிறது. அவருடைய சொந்த ஊர் அவருக்குப் பின் இரு நூற்றாண்டு தாக்குப்பிடித்தது. இஸ்லாமியக் கவிஞர் ஒருவரின் பெயரை ஊர் தன் சதுக்கத்துக்கு வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அருகிலேயே 'அரக்கன் வீடு' என்ற நஸ்ரித் கால வீடும் உண்டு. திறந்திருந்தால் நுழையுங்கள். செல்வக் குடும்பம் ஒன்று ஒரு முற்றத்தைச் சுற்றி எப்படி வாழ்ந்தது என்று தெரியும்.

நான்காம் படி: தண்ணீர்ச் சுரங்கம்

இந்தப் பயணத்தின் மையம் இதுதான். சாந்தோ தொமிங்கோ தெருவின் இறக்கத்தில் காசா தெல் ரேய் மோரோ, அதாவது மூர் மன்னன் வீடு. பெயரை நம்பாதீர்கள், தெருவில் தெரியும் மாளிகை 18ஆம் நூற்றாண்டினது. மலையடுக்குத் தோட்டம் பிரெஞ்சுத் தோட்டக் கலைஞர் ஃபொரெஸ்தியே 1912இல் வடிவமைத்தது. மூர்கள் செய்தது தோட்டத்துக்குக் கீழே ஒளிந்திருக்கிறது: பாறையைக் குடைந்து ஆற்று மட்டம் வரை இறங்கும் படிக்கட்டு.

ஊர் பாறை உச்சியில், தண்ணீர் பாதாளத்தில். முற்றுகையின்போது வெளியே போய் மொள்ள முடியாது. அதற்காக 14ஆம் நூற்றாண்டில் இந்தச் சுரங்கத்தை வெட்டினார்கள். சிறைபிடிக்கப்பட்ட கிறிஸ்தவ அடிமைகள் தோல்பைகளில் நீரைச் சுமந்து இந்தப் படிகளில் ஏறினார்கள். 'ரோண்டாவில் தோல்பை சுமந்தே சாவாய்' என்று எதிரியைச் சபிக்கும் ஒரு பழைய ஸ்பானியச் சொலவடை அந்தத் துயரத்திலிருந்து வந்தது. கட்டிய திறமையை வியக்கும்போது சுமந்தவர்களையும் நினைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஊர் விழுந்ததும் இதே இடத்தில்தான். 1485 மே மாதம், காவற்படையின் பெரும்பகுதி வெளியே சென்றிருந்த சமயம் பார்த்து ஃபெர்டினாந்தின் படை பீரங்கிகளோடு சூழ்ந்தது. காதிஸ் பிரபு ரோத்ரீகோ போன்சே தெ லேயோனின் ஆட்கள் ஆற்றங்கரையில் சுரங்க வாயைக் கண்டுபிடித்துத் தண்ணீரை அறுத்தார்கள். மதிலைக் குண்டுகள் உடைத்தன, உள்ளே தாகம். மே 22 அன்று ஊர் சரணடைந்தது.

இறங்குபவர்களுக்கு: படிகள் இருநூறு அளவில் இருக்கும். செங்குத்து, ஈரம், மங்கலான வெளிச்சம். பிடிப்புள்ள செருப்போ காலணியோ அவசியம். மூட்டுவலி, இதயத் தொல்லை உள்ளவர்களும் கைக்குழந்தையோடு வருபவர்களும் தோட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாதி வழியில் கூரை வளைந்த அறைகள் வரும். ஏறும்போது அங்கே மூச்சு வாங்கலாம். அடியில் சிறு மேடை, பச்சை நிற ஆற்று நீர், தலைக்கு மேல் இரு பக்கமும் பாறைச்சுவர். ஊரின் உயரம் உண்மையில் எவ்வளவு என்பது கீழேயிருந்துதான் உறைக்கிறது.

ஐந்தாம் படி: அரபுக் குளியல் மண்டபம்

அதே தெருவில் தொடர்ந்து இறங்கினால் மன்னர் ஐந்தாம் ஃபெலிப்பே பெயரிலான 18ஆம் நூற்றாண்டு வாசல், பிறகு பழைய பாலம். அதன் வலப்பக்கம் ஆற்றோரம் தாழ்வாகத் தெரிவது குளியல் மண்டபம். ஐபீரியத் தீபகற்பத்தில் மிஞ்சியிருக்கும் இத்தகைய மண்டபங்களில் மிக நன்றாகக் காப்பாற்றப்பட்டவற்றுள் ஒன்று. 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. நேரம் குறைவென்றால் மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

ஊர் மதிலுக்கு வெளியே, ஆற்றோடு ஓர் ஓடை சேரும் இடத்தில் கட்டியிருப்பதைக் கவனியுங்கள். ஊருக்குள் வரும் வெளியூரார் முதலில் இங்கே உடல் கழுவித் தொழுகைக்குத் தயாராகலாம். செக்கு மாடு சுற்றுவது போலக் கழுதை ஒன்று சுற்ற, சக்கரம் நீரை மேலே தூக்கியது. சிறு கால்வாய்ப் பாலம் அதை மண்டபத்துக்குக் கொண்டுபோனது. சக்கரம் இருந்த கோபுரமும் கால்வாயும் இன்றும் தெரிகின்றன.

உள்ளே மூன்று அறைகள்: குளிர்ந்தது, இளஞ்சூடானது, வெப்பமானது. நடு அறை பெரியது, குதிரைலாட வளைவுகளைத் தாங்கும் தூண்கள் வரிசையாக நிற்கும். கூரையில் நட்சத்திர வடிவத் துளைகள். வெளிச்சம் அவற்றின் வழியே தரையில் விழும். கடைசி அறைக்கு அப்பால் அடுப்பு. அதன் வெப்பம் தரைக்கடியில் ஓடியது. மண்டபத்தின் இயக்கத்தைக் காட்டும் சிறு படம் ஒன்றைத் திரையிடுவார்கள். அதை முதலில் பார்த்துவிட்டுச் சுற்றினால் ஒவ்வொரு சுவருக்கும் வேலை இருந்தது தெரியும். திறக்கும் நேரம் பருவத்துக்கும் வார இறுதிக்கும் ஏற்ப மாறும். முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்ததும் கிழக்கு மதிலைப் பாருங்கள். சீரமைத்த அந்த மதில்மேல் நடக்கலாம். கீழே ஓடையும் வயல்களும், மேலே வெள்ளை வீடுகளும்.

மதிய உணவு

ஸ்பெயினில் மதியச் சாப்பாடு ஒன்றரைக்கு மேல்தான், இரவு உணவு எட்டரைக்கு மேல். இடையில் பல சமையலறைகள் மூடியிருக்கும். பசி தாங்காதவர்கள் கையில் ஏதாவது வைத்திருங்கள். சைவர்களுக்கு வழி உண்டு: வதக்கிய கீரையும் கொண்டைக்கடலையும், பாகு ஊற்றிய கத்தரிக்காய்ப் பொரியல், பாதாமும் பூண்டும் அரைத்த குளிர்ந்த அஹோப்லாங்கோ, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி. தக்காளிக் கூழான சல்மோரெஹோவில் பன்றி இறைச்சித் துணுக்கு தூவுவார்கள், 'சின் ஹமோன்' (பன்றித்தொடை இறைச்சி இல்லாமல்) என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 'இறைச்சி இல்லாமல்' என்று மட்டும் சொன்னால் மீனோ ஹமோனோ வந்துவிடலாம். ஹலால் பார்ப்பவர்கள் காய்கறி, முட்டை, மீன் பக்கம் நிற்பது எளிது.

ஆறாம் படி: கடைசியாகப் பாலம்

பழைய பாலத்தைக் கடந்து எதிர்க்கரைக்குப் போங்கள். அங்கிருந்து பாறை விளிம்பை ஒட்டி அடுக்கடுக்காக ஏறும் குவென்கா தோட்டங்கள் வழியே மேலே வந்தால், புதிய பாலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணில் விரியும். இப்போது அது வேறு மாதிரித் தெரியும், ஏனென்றால் பாலம் இல்லாத ஊரில் மக்கள் எப்படி இறங்கி ஏறினார்கள் என்பதை உங்கள் கால்கள் அறிந்திருக்கும். 1735இல் அவசரமாகக் கட்டிய பாலம் ஆறே ஆண்டில் இடிந்து சுமார் ஐம்பது பேரைக் கொன்றது. இன்றிருப்பதை முடித்தவர் ஹோசே மார்த்தின் தெ அல்தெவேலா. அவர் பாலத்திலிருந்து விழுந்து இறந்தார் என்று சொல்லக் கேட்பீர்கள், அது கதை. மாலகாவில் 1802இல் காலமானார்.

கீழிருந்து பார்க்க விரும்பினால் பழைய ஊரில் மரியா அவுக்சிலியாதோரா சதுக்கத்திலிருந்து இறங்கும் பாதையில் போகலாம். சரளைக்கல் வழுக்கும், திரும்ப ஏற முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்திருந்தால் வேண்டாம். பாலத்தைப் படம் எடுக்கும் ஆவலில் பாதிப் பேர் கவனிக்காத ஒன்று அந்தப் பாதையில் இருக்கிறது: அல்பகாரா மதில். ஆற்றோர ஆலைகளையும் முற்றுகைக் காலத்தில் கால்நடைகளையும் காக்க மூர்கள் கட்டிய மேற்குச் சுவர்.

இன்னொரு நாள் கிடைத்தால்

ரோண்டா விழுந்தவுடன் கதை முடியவில்லை. மலைக்கிராமங்களில் முஸ்லிம் குடிகள் தொடர்ந்து வாழ்ந்தார்கள். கட்டாய மதமாற்றத்தை எதிர்த்து எழுந்தார்கள். 1501இல் செந்நிற மலையான சியெர்ரா பெர்மேஹாவில் கிறிஸ்தவப் படையின் தலைவர் அலோன்சோ தெ அகிலாரே களத்தில் மாண்டார். கடைசியில் 1609 தொடங்கி, மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வழிவந்த மொரிஸ்கோக்கள் ஸ்பெயினிலிருந்தே வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுடைய ஊர்கள் தெற்கே ஹெனால் பள்ளத்தாக்கில் இன்றும் உள்ளன: பெனாதாலித், பெனலவுரியா, பெனர்ரபா. குலப்பெயர்களைத் தாங்கிய வெள்ளைக் கிராமங்கள். இலையுதிர் காலத்தில் கஷ்கொட்டை மரங்கள் பள்ளத்தாக்கையே பொன்னிறமாக்கும்.

எல்லோரும் கூட்டமாகப் போகும் செதெனீல் என்ற பக்கத்து ஊரை விட இந்தப் பள்ளத்தாக்கையே நான் பரிந்துரைப்பேன். வாடகைக் கார் இருந்தால் ஒரே நாளில் மூன்று ஊர்களையும் நிதானமாகப் பார்க்கலாம். கார் இல்லாதவர்களுக்குப் பேருந்து குறைவு, வார இறுதியில் இன்னும் குறைவு. போவதை மட்டுமல்லாமல் திரும்பி வரும் வண்டி நேரத்தையும் முதல் நாள் மாலையே ரோண்டா பேருந்து நிலையத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.